கேள்வி யாருடையது?

(பள்ளிப்பட்டில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒருநாள் பயிலரங்கில் செவிலியர் கல்லூரி ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைக் கூடுமானவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘மருத்துவத்தில் தீண்டாமை’. அது கடல். நான் அதில் ஒரு சொம்பு தண்ணியை மட்டும் மொண்டு வந்திருக்கிறேன். நர்சிங் கல்லூரிகளில் மாணவிகள் ஆய்வு செய்கிறார்கள். அந்த ஆய்வுக்குக் ‘கைடு’ என்று என்னைப் போன்ற ஆசிரியைகள் உட்கார்ந்திருக்கிறோம். அந்தக் கைடுகளை யார் உருவாக்குகிறார்கள், எப்படி உருவாக்குகிறார்கள் என்பதுதான் நான் பேசப்போவது. ‘இதுல என்னக்கா விடுதலை இருக்கு?’ என்று காலையில் டீக்கடையில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. நம்ம காலனிகளில் வந்து இறங்கி, பேர் கேட்டு, வயசு கேட்டு, ஃபாரம் நிரப்பிக்கொண்டு போகிற வெள்ளைக்கோட்டுப் பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம்ம ஜனங்களைப் பற்றி வருஷா வருஷம் எழுதப்படுகிற காகிதத்தில் கணிசமானது எங்கள் மேசையைத் தாண்டித்தான் போகிறது. அந்தக் காகிதம் நம்மை என்னவாக எழுதுகிறது என்று நாம் இதுவரை கேட்டதில்லை.

எந்த நர்சிங் கல்லூரி நூலகத்துக்கும் போங்க. கடைசி பீரோவில் கறுப்பு, மெரூன் அட்டை போட்டு, தங்க எழுத்து பதித்து ஆய்வேடுகள் அடுக்கியிருக்கும். ஒன்றை உருவித் தலைப்பைப் படிங்க. ‘தேர்ந்தெடுக்கப்பட்ட கிராமத்தில் வசிக்கும் தாய்மார்களிடையே ரத்தசோகை குறித்த அறிவின் மீது திட்டமிட்ட கற்பித்தல் நிகழ்ச்சியின் பயன்விளைவை மதிப்பிடும் ஆய்வு’ என்கிற மாதிரி இருக்கும். பக்கத்தில் இருப்பதை உருவுங்க. ரத்தசோகைக்குப் பதில் வயிற்றுப்போக்கு. அதற்கும் பக்கத்தில் இருப்பதில் தாய்ப்பால். மற்றதெல்லாம் அச்சுப் பிசகாமல் அதேதான்.

வேலை எப்படி நடக்கும் என்றால், முப்பது கேள்வி தயார் செய்வார்கள். காலனிப் பெண்களை அங்கன்வாடியில் உட்காரவைத்துக் கேட்பார்கள். மார்க் குறைவாக வரும். ‘போதிய அறிவின்மை’ என்று ஒரு கட்டத்தில் எழுதிக்கொள்வார்கள். அப்புறம் படம் போட்ட அட்டைகளைக் காட்டி முக்கால் மணி நேரம் பாடம். ஒரு வாரம் கழித்து அதே முப்பது கேள்வி. மார்க் ஏறியிருக்கும். புள்ளியியல்காரரிடம் கொடுத்தால் அவர் ஒரு எண்ணைத் தருவார், ‘கற்பித்தல் பயனுள்ளது’ என்று முடிவுரை வந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு பெரும்பாலும் இருக்காது. ஒரே கேள்வித்தாளை ஒரு வாரத்தில் ரெண்டு தடவை கொடுத்து, நடுவில் பதிலையும் சொல்லிக்கொடுத்தால் மார்க் ஏறாமல் என்ன செய்யும்? இதைக் கண்டுபிடிக்க ரெண்டு வருஷப் படிப்பா?

நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. நானே அப்படி ஒன்று எழுதித்தான் பட்டம் வாங்கினேன். அந்தத் தலைப்புக்குள் ஒரு தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆனது. அந்தத் தீர்ப்பு: இந்த ஜனங்களுக்கு நோய் வருவது இவர்களுக்கு ஒன்றும் தெரியாததால். மாத்திரை தெருவுக்கு வந்ததா, வந்த நர்ஸ் வீட்டுக்குள் வந்தாரா, கரும்பு வெட்டப் போனவளுக்கு அந்த மாத்திரையைத் தின்ன முதலில் சோறு இருந்ததா என்கிற கேள்விகள் அந்த முப்பதில் இருக்காது. அறிவு எங்கள் பையில் இருக்கிறது, அறியாமை உங்கள் தெருவில் இருக்கிறது, நாங்கள் கொண்டுவந்து ஊற்றுகிறோம். பார்ப்பனியம் பூணூல் போட்டுக்கொண்டுதான் வரவேண்டும் என்று இல்லை.

அளக்கிற கோலையும் கொஞ்சம் பாருங்க. ஒரு குடும்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று கணக்குப் போட எங்களுக்குச் சில அளவுகோல்கள் உண்டு. நகரத்துக்குக் குப்புசாமி அளவுகோல், 1976இல் வந்தது. குடும்பத் தலைவரின் படிப்பு, தொழில், குடும்ப வருமானம் மூன்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டுவார்கள். சாதி அதில் கிடையாது. நகரத்தில் சாதி இல்லை போலிருக்கு! கிராமத்துக்கு உதய் பரீக்கும் இன்னொருவரும் 1964இல் செய்த அளவுகோல். அதில் சாதி உண்டு, எப்படி என்று கேளுங்க. பட்டியல் சாதி என்றால் 1 மார்க். கீழ்ச்சாதி 2, கைவினைச் சாதி 3, விவசாயச் சாதி 4, கௌரவச் சாதி 5, ஆதிக்கச் சாதி 6. நிலம் எவ்வளவு, வீடு எப்படி, மாடு உண்டா என்பதோடு இதையும் கூட்டினால் குடும்பத்தின் ‘நிலை’ வந்துவிடும். பிறக்கும்போதே அஞ்சு மார்க் பின்னால் நிற்கிறோம். ஒரு அளவுகோல் சாதியை மறைக்கிறது, இன்னொன்று மனுவுக்கு மார்க் ஷீட் போட்டுக் கொடுக்கிறது. நிலைமையைப் படம் பிடிக்கத்தானே அப்படிச் செய்தார்கள் என்று வாதிடலாம், வாதிடட்டும். கைடு அதைச் சொல்லி, மாணவியோடு உட்கார்ந்து சண்டை போட்டுவிட்டு, பிறகு அந்த அளவுகோலைப் பயன்படுத்தினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. நடப்பது அதுவல்ல. ‘கம்யூனிட்டி புத்தகத்தில் இருக்கு, போட்டுக்கோ’ என்கிறோம்.

இனி என் கதை. அதிகம் சொல்லமாட்டேன்.

நான் இந்த வட்டாரத்துப் பொண்ணு. நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் காலனிக்கு வருகிற நர்ஸம்மா தெருமுனைப் புங்கமரத்தோடு நின்றுவிடுவார். யாராவது ஒரு பிள்ளை ஓடிப்போய் வயிற்றுப்பிள்ளைக்காரிகளைக் கூட்டிவர வேண்டும். மாத்திரை அட்டை மேலேயிருந்து கையில் விழும். அதே நர்ஸம்மா ஊருக்குள் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். எம்.எஸ்ஸி. படிக்கப் போனபோது இதைத்தான் கேள்வியாக எழுதிக்கொண்டு போனேன்: கர்ப்பிணியை வீட்டுக்குள் போய்ப் பார்ப்பதில் ஊருக்கும் காலனிக்கும் வித்தியாசம் உண்டா? என் கைடு படித்தார். தாளை நாலாக மடித்தார். ‘இது நர்சிங் இல்லம்மா, சோஷியாலஜி. உனக்கு எதுக்கு இந்த வம்பு? பாஸ் பண்ணிட்டுப் போற வழியைப் பாரு.’ அவர் கெட்டவர் இல்லை. நான் பாஸ் ஆகவேண்டும் என்று உண்மையிலேயே கவலைப்பட்டவர். தலைப்பும் அவரே கொடுத்தார், அந்த அச்சிலிருந்து.

பல வருஷம் கழித்து ஒரு புத்தகம் கைக்கு வந்தது. கன்ஷியாம் ஷா, சுகதேவ் தோரட் முதலானவர்கள் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் செய்த ஆய்வு, 2006இல் வெளிவந்தது. சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் போக மறுப்பதை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பார்த்ததாக அதில் இருந்தது. 2010இல் சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடம் கேட்டு எழுதினார். மருந்து கொடுக்கிற இடத்தில், தொட்டுப் பார்க்கிற இடத்தில் பாகுபாடு எப்படி வருகிறது என்று பிரித்துப் பிரித்துக் காட்டினார். என் புங்கமரத்தடிக் கேள்வியை வேறு யாரோ வேறு எங்கோ கேட்டு விட்டார்கள். சந்தோஷமும் வந்தது, வயிறும் எரிந்தது.

இதுவரை நான் பாதிக்கப்பட்டவள். இனி சொல்லப்போவது வேறு.

நான் ஆசிரியையாகி, கைடாகிவிட்டேன். பி.எஸ்ஸி. இறுதியாண்டுப் பிள்ளைகள் குழுக்குழுவாக ஒரு ஆய்வு செய்யவேண்டும். 2021இல் இந்திய செவிலியர் கவுன்சில் பாடத்திட்டத்தைப் பருவமுறைக்கு மாற்றியது, அதிலும் இது உண்டு. ஒரு குழுவில் ஒரு பொண்ணு, கொசஸ்தலை ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் காலனி. ஆந்திராவில் அம்மபள்ளி அணையைத் திறந்தால் இங்கே தரைப்பாலம் மூழ்கிவிடும் என்பது உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2021 நவம்பர் மழையில் பட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தப் பொண்ணு எழுந்து நின்று கேட்டாள்: ‘மேடம், பாலம் முழுகுற நாள்ல எங்க தெருவுல மாசமா இருக்கிறவங்க எங்க போறாங்க, எப்பப் போறாங்க, யாரு முடிவு பண்றாங்கன்னு பாக்கலாமா?’

நான் சொன்னேன்: ‘இது நர்சிங் இல்லம்மா, சிவில் இன்ஜினியரிங்.’

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அன்று ராத்திரி பாத்திரம் விளக்கும்போதுதான் அந்த வாக்கியம் யாருடையது என்று எனக்கு உறைத்தது. மருமகள் மாமியார் ஆன கதை. சேரியில் பிறந்தவள் என்பதால் மட்டும் சேரியின் கேள்வி என் காதில் விழுந்துவிடாது, தோழர்களே. கைடு நாற்காலிக்கு என்று ஒரு குரல் இருக்கிறது. யார் உட்கார்ந்தாலும் அது தொண்டைக்குள் வந்துவிடும்.

ஏன் வருகிறது? எங்களுக்கு ஆய்வு செய்யச் சொல்லித்தந்தார்கள், ஆய்வு செய்பவரை வளர்க்கச் சொல்லித்தரவில்லை. பக்கத்து வேலூரில் செவிலியர் பட்டப்படிப்பு 1946இல் வந்தது, அதே வருஷம் டில்லியிலும். முனைவர் பட்டத்துக்கென்று தேசிய அளவில் ஒரு கூட்டமைப்பை, பெங்களூர் ராஜீவ்காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, செவிலியர் கவுன்சில் ஏற்படுத்தியது 2005 வாக்கில்தான். நடுவில் அறுபது வருஷம். அந்த இடைவெளியில் தனியார் கல்லூரிகள் புற்றீசலாக முளைத்துவிட்டன. எம்.எஸ்ஸி. முடித்த கையோடு வருகிற இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு காலையில் வார்டில் நிற்கவேண்டும், மத்தியானம் வகுப்பு, சாயங்காலம் ஹாஸ்டல் டூட்டி, கோடையில் ஊர் ஊராகப் போய் அட்மிஷனுக்குப் பிள்ளை பிடிக்கவேண்டும். இதுக்கு நடுவில் ரெண்டு குழுவுக்கு நீ கைடு என்று ஒரு சர்க்குலர் வரும். அவள் என்ன செய்வாள்? தன் ஆய்வேட்டை எடுத்து, நோய்ப் பெயரை மாற்றிக் கொடுப்பாள். அவளைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.

நாங்கள் ஐந்தாறு பேர் மாதத்தில் ரெண்டாவது சனிக்கிழமை மத்தியானம் உட்கார ஆரம்பித்தோம். நிர்வாகத்தின் அனுமதியெல்லாம் கேட்கவில்லை, ஒருத்தர் வீட்டு மாடியில்தான். விதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தங்கள் மாணவி தன் கைப்பட, தன் மொழியில் எழுதின ஒரு பக்கத்தை ஒவ்வொரு ஆசிரியையும் கொண்டுவர வேண்டும். டைப் அடித்தது கூடாது. சத்தமாகப் படிக்கவேண்டும். முதல் பத்து நிமிஷம் யாரும் திருத்தக்கூடாது, சிவப்பு மை எடுக்கக்கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம்: ‘இது அவளுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? யாரைக் கேட்டா மேற்கொண்டு தெரியும்? எதைப் பார்த்தா அவள் நினைச்சது தப்புன்னு ஆகும்?’ அந்தக் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். கோபம் மட்டும் இருந்தால் அது துண்டறிக்கை. தான் நினைத்தது தப்பாகிவிடக்கூடிய ஒரு வழியையும் திறந்து வைத்தால் அது ஆய்வு. நம் பிள்ளைகளுக்கு ரெண்டும் வேண்டும், ஆனால் எது எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பத்து நிமிஷம் திருத்தாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? முதல் மாதம் ஒருவராலும் முடியவில்லை, என்னாலும்தான்.

இன்னொன்றும் வைத்தோம். முதல் வீட்டுக்கு மாணவியோடு கைடும் போகவேண்டும். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். இதில்தான் ஒருநாள் வெடித்தது. எங்களில் ஒருத்தர், நல்ல உழைப்பாளி, புள்ளியியலில் என்னைவிடக் கெட்டி, ஆதிக்கச் சாதி வீட்டுப் பொண்ணு. மாணவியோடு காலனிக்குப் போயிருக்கிறார். வீட்டுக்காரம்மா சொம்பில் தண்ணி கொடுத்திருக்கிறார். இவர் ‘வேணாம்மா, இப்பத்தான் குடிச்சேன்’ என்றிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்த மாணவி இவரிடம் பக்கம் கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். கேட்டால் ‘எழுதல மேடம்’. காரணம் தெரியாமல் இவர் சனிக்கிழமை வந்து முறையிட்டார். நாங்கள் நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னோம். சொம்பு வந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ‘எனக்குப் பழக்கமில்லை. வேணும்னு செய்யல’ என்றார். அழுதார். நான் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அந்த வீட்டில் எடுத்த பேட்டியை எடுக்கச் சொன்னேன். மூன்று வரி. அதே தெருவில் மாணவி தனியாகப் போய் எடுத்த பேட்டி ஒவ்வொன்றும் நாலு பக்கம். ‘நீங்க அந்தச் சொம்பைத் தொடாத நிமிஷத்தோட பதில் முடிஞ்சுபோச்சு’ என்றேன்.

புள்ளியியல் புத்தகத்தில் அளவைப்பிழை என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. தராசு சரியில்லை, டேப் சரியில்லை, கேட்பவர் குரலில் பதிலுக்கான சாய்வு இருக்கிறது என்றெல்லாம் வரும். சொம்பு வராது. இந்த நாட்டில் ஒரு காலனிப் பெண் யாரிடம் எவ்வளவு சொல்வாள் என்பதைத் தீர்மானிக்கிற பெரிய பிழை அதுதான். அதை எங்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. அந்த ஆசிரியை அடுத்த வாரம் அதே வீட்டுக்குப் போனார். கதையை இனிப்பாக முடிக்க எனக்கு விருப்பமில்லை: அந்த அம்மா இந்தத் தடவை தண்ணி கொடுக்கவில்லை.

மொழியும் அப்படித்தான். 1960 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறியது, வீட்டுக்குள் நாக்கு மாறவில்லை. காலனியில் பாதிப்பேர் பேசுவது தெலுங்கும் தமிழும் பிசைந்த ஒன்று. எங்கள் கேள்வித்தாளோ ‘மகப்பேறுக்கு முந்தைய பராமரிப்பு’ என்று ஆரம்பிக்கும். ஆய்வேட்டின் பின்னால் பாருங்க, அஞ்சு நிபுணர்களின் சான்றிதழ் இருக்கும். ஆங்கிலம் சரிபார்த்ததற்கு ஒரு சான்று, தமிழ் சரிபார்த்ததற்கு ஒரு சான்று. பதில் சொல்லப்போகிறவளுக்குப் புரிகிறதா என்பதற்கு மட்டும் சான்று கிடையாது. ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்கும்போது, ‘வேண்டாம்னு சொன்னாலும் உனக்கு மாத்திரை நிக்காது’ என்பதை அவள் மொழியில் சொல்லிவிட்டு வாங்குகிறோமா? நர்ஸம்மா கூட வந்து நிற்கும்போது எந்தக் கர்ப்பிணி வேண்டாம் என்பாள்?

இயக்கத் தோழர்களோடு சின்னதாக ஒரு சண்டை போட்டுக்கொள்கிறேன். ‘தலித் பெண் உயர்சாதிப் பெண்ணைவிட 14.6 வருஷம் முன்னால் சாகிறாள்’ என்று நம் மேடைகளில் சொல்கிறோம். ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கையில் வந்த எண். அது இறந்துபோனவர்களின் சராசரி வயசு. ஆயுள் எதிர்பார்ப்பு என்பது வேறு கணக்கு. ஒரு சமூகத்தில் இளவயசுக்காரர்கள் அதிகமாக இருந்தால், மற்றதெல்லாம் சமமாக இருந்தாலும், இறந்தவர்களின் சராசரி வயசு இறங்கித்தான் தெரியும். 2022இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் மூன்று பேர் வேறு முறையில் கணக்கிட்டார்கள். வட இந்தியப் பக்கத்து 9 மாநிலங்களில், உயர்சாதி இந்துக்களைவிட தலித்துகளின் ஆயுள் 3 வருஷத்துக்கு மேல் குறைவு, ஆதிவாசிகளுக்கு 4 வருஷத்துக்கு மேல். அந்த இடைவெளியில் பாதியைக்கூட வறுமையால் விளக்கமுடியவில்லை என்கிறார்கள். எனக்கு இந்த 3 போதும். 14.6ஐவிட இது பலமான எண், எதிரி உலுக்கினாலும் விழாது. இதை எங்கள் சனிக்கிழமையில் படித்தபோது ஒரு ஆசிரியை கேட்டார்: ‘தமிழ்நாடு இந்த ஒன்பதில் இல்லையே, இங்கே எவ்வளவு?’ அப்படி ஒரு கேள்வி அந்த மாடியில் பிறந்ததற்காகவே நான் ஒரு வருஷம் பஸ் ஏறலாம்.

கைடு என்றால் யார் என்று கேட்டால் நான் அம்பேத்கரின் கைடுகளைச் சொல்வேன். நாம் பாபாசாகேபின் படிப்பைக் கொண்டாடுகிறோம், அவர் யாரிடம் எப்படிப் படித்தார் என்று பார்ப்பதில்லை. 1916 மே மாதம், கொலம்பியா பல்கலைக்கழகம். கோல்டன்வைசர் என்கிற மானிடவியல் ஆசிரியரின் கருத்தரங்கில் இருபத்தஞ்சு வயசு மாணவர் ஒருவர் இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படி இயங்குகின்றன என்று கட்டுரை படிக்கிறார். தன்னை மிதித்த அமைப்பையே ஆய்வுப் பொருளாக்குகிறார். அங்கே யாரும் ‘இது உன் சொந்தப் பிரச்சினை, வேறு தலைப்பு எடு’ என்று மடித்துக் கொடுக்கவில்லை. அதைவிட எனக்குப் பிடித்தது லண்டன். ரூபாயின் சிக்கல் பற்றிய அவருடைய ஆய்வு 1923இல் புத்தகமாக வந்தபோது பேராசிரியர் எட்வின் கேனன் முன்னுரை எழுதினார். அம்பேத்கரின் விமர்சனங்களில் பலவற்றைத் தான் ஏற்கவில்லை என்று அந்த முன்னுரையிலேயே சொல்லிவிட்டு, அதே மூச்சில் அந்தச் சிந்தனையின் புதுமையைப் பாராட்டுகிறார். மாணவர் தன்னோடு உடன்படவில்லை, இருந்தும் அந்தப் புத்தகத்தின் வாசலில் நின்று உள்ளே வாங்க என்று கூப்பிடுகிறார். எங்கள் ஆசிரியைகளுக்கு நான் அதைப் படித்துக் காட்டினேன். ‘நம்ம கையெழுத்தில்லாம பிள்ளைகள் ஒரு வரி எழுதமுடியாது, அந்த ஆளு இப்படியா?’ என்று ஒருத்தர் ஆச்சரியப்பட்டார். கேனன் சாதி ஒழிப்புக்காரர் என்று நான் சொல்லவில்லை. தன் வேலை எதுவென்று தெரிந்தவர்.

அந்த வேலை நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். சேலம் மாவட்டத்துப் பன்னியாண்டி சமூகத்திலிருந்து ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் முனைவர் பட்டத்துக்குப் போன செந்தில்குமார், 2008 பிப்ரவரியில் விடுதியில் உயிரை விட்டார். அவருக்கு அதுவரை வழிகாட்டி ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியைப் பற்றி 2007இல் தோரட் குழு கொடுத்த அறிக்கையில், ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைப்பதில்லை என்று 69 சதவீத தலித், பழங்குடி மாணவர்கள் சொன்னதாக இருக்கிறது. ரோஹித் வெமுலாவின் பெயரை 2016இல் தெருவில் இறங்கி முழங்கிய நாம், அதே வளாகத்தில் எட்டு வருஷத்துக்கு முன்னால் போன நம்மூர்ப் பிள்ளையைப் பெரும்பாலும் மறந்துவிட்டோம். நான் மாடியில் யாருக்கும் பாடம் எடுக்கும்போது அவரை நினைத்துக்கொள்வேன். ஒரு கைடு ஒரு பக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும் விதத்தில் என்ன போகும், என்ன நிற்கும் என்று நமக்குத் தெரியாது.

ஆத்துப் பொண்ணுக்கு வருகிறேன். மறுநாள் அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். வகுப்பு முன்னாலேயே கேட்டேன், ஏனென்றால் வகுப்பு முன்னால்தான் சிரித்தேன். அவள் நம்பவில்லை. ரெண்டு வாரம் கழித்துத்தான் பக்கத்தைக் கொண்டுவந்தாள். அவள் குழுவே அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. மழைக்காலத்தில் பிள்ளை பெற்ற தாய்மார்களைத் தேடிப்போய், அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, கதையாகக் கேட்டார்கள். கூழாங்கல்லும் கயிறும் வைத்து மண்ணில் ஆறு, பாலம், ஆஸ்பத்திரி, அம்மா வீடு என்று வரைபடம் போடச் சொன்னார்கள். எண்களை நான் இங்கே சொல்லப்போவதில்லை. தெரு சின்னது, எந்த வீடு என்று தெரிந்துவிடும். அது நாங்கள் கொடுத்த வாக்கு.

கிடைத்ததில் ஒன்றை மட்டும் சொல்லலாம். அறியாமை எங்குமே இல்லை. எந்த மேகம் எந்தப் பக்கம் கூடினால் அணை திறப்பார்கள், திறந்தால் தண்ணி பாலத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்தப் பெண்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். முன்கூட்டியே ஆத்தைத் தாண்டவேண்டும் என்றும் தெரியும். தாண்டினால் எங்கே தங்குவது என்பதுதான் பிரச்சினை. இந்தக் கரையில் சொந்தக்காரர் வீடு இருப்பவள் நாள் நெருங்கும்போதே வந்துவிடுகிறாள். இல்லாதவள் கடைசி வரைக்கும் அங்கேயே இருக்கிறாள். ஊருக்குள் நம்மாளுக்கு யார் திண்ணை கொடுப்பார்கள்? ‘அறிவு’ என்று நாங்கள் முப்பது கேள்வியில் அளந்துகொண்டிருந்தது, தங்க ஒரு பாயாக இருந்தது.

தமிழ்நாட்டு மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறைகள் வைத்திருக்கிறார்கள். நாள் நெருங்கியவர்கள் முன்னதாகவே வந்து துணையோடு தங்கலாம். மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு உள்ளது ஆறு தாண்டுகிறவர்களுக்கு ஏன் கூடாது என்று பிள்ளைகள் தங்கள் முடிவுரையில் எழுதினார்கள். தேர்வாளர் அதற்குக் கீழே கோடு போட்டு, ‘ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது’ என்று குறித்தார். நான் கேனனை நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். பிள்ளைகள் பாஸ்.

ஆய்வு முடிந்தால் அட்டை போட்டு பீரோவில் வைப்பதுதான் வழக்கம். இவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே போனார்கள். அங்கன்வாடி வாசலில் உட்கார்ந்து, என்ன கேட்டோம், நீங்க என்ன சொன்னீங்க, நாங்க என்ன எழுதினோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். ரெண்டு இடத்தில் ‘நாங்க அப்படிச் சொல்லல’ என்று திருத்தம் வந்தது. கடைசியில் ஒரு பாட்டி அந்தத் தங்க எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டது: ‘எவரிக்கி இஸ்தாவு இதி?’ யாருக்குக் கொடுப்பே இதை? அந்தப் பொண்ணு என்னைப் பார்த்தாள். எனக்குப் பதில் வரவில்லை. பல்கலைக்கழகத்துக்கு ஒரு பிரதி, நூலகத்துக்கு ஒரு பிரதி என்று மனசுக்குள் ஓடியது. அவளே சொன்னாள்: ‘கலெக்டருக்கு, அவ்வா.’

அப்படித்தான் அந்த மனு வந்தது. ரெண்டு பக்கம்தான், ஆய்வில் உள்ளது மட்டும், ஒரு வார்த்தை கூட்டி எழுதவில்லை. தெருவில் எல்லோரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்துவிட்டார்கள். நகல் அந்த வாசல் மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்து, சரி என்று பட்டால் கையெழுத்துப் போடுங்க. தப்பு இருந்தால் அங்கே நீலச் சுடிதாரில் நிற்கிற தங்கச்சியிடம் சொல்லுங்க, அவள்தான் எழுதினவள். கேள்விகளையும் அவளிடமே கேளுங்க. நான் உட்கார்ந்துகொள்கிறேன்.